மாப்பிள்ளை கேட்ட எண்

என் தங்கைக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னம் வீங்கிவிட்டது, ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுகிறாள். பிடுங்கிவிட வேண்டும் என்று பல் டாக்டர் சொல்லிவிட்டார். அவள் மாட்டேன் என்கிறாள். இன்று நான் உங்களைத் தேடி வந்ததற்கு அந்தப் பல்தான் காரணம் மேடம், வேறு ஒன்றுமில்லை.

விபத்து விசாரணையை நீங்கள் எப்போதோ முடித்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். தெளிவான பதில்கள் என்று எனக்கு நன்றிகூடச் சொன்னீர்கள். அவற்றில் பாதிக்கு மேல் பொய். எது எது என்று சொல்வதற்கு முன், எங்கள் கோல்ட் ஸ்டோரேஜில் நான் பார்க்கும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் நான் வேண்டுமென்றே கெடுதல் செய்தவன் போலத் தோன்றிவிடும்.

கிடங்கில் ஆப்பிளும் உறைந்த பட்டாணியும் மீனும் இருக்கும். அத்தனையையும் குளிரில் வைத்திருப்பது அம்மோனியா வாயு. குழாய்க்குள் இருக்கும்வரை அது சாது. கசிந்தால் கண் எரியும், தொண்டை அடைக்கும், கூடினால் ஆளைக் கொன்றுவிடும். அதனால் கம்ப்ரசர் அறையில் சென்சார்கள் வைத்திருக்கிறோம். காற்றில் எவ்வளவு அம்மோனியா இருக்கிறது என்று அவை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த எண், மாடியில் என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் திரையில் தெரியும். இருபத்தைந்தைத் தாண்டினால் சைரன் தானாக ஒலிக்கும். அதன் பிறகு மாஸ்க் இல்லாமல், துணைக்கு ஓர் ஆள் இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. விதி அவ்வளவுதான். திரை வேலை செய்யாவிட்டால் கம்ப்ரசரையே நிறுத்த வேண்டும் என்பதும் விதி.

லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின் என்று நான் விசாரணையில் சொன்னதும் நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எல்லோரும் அப்படித்தான். உண்மையில் அது பெரிய வித்தை இல்லை. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதாகப் பாவனை செய்யும் ஏற்பாடு. பெரிய வீட்டில் ஓர் அறையைத் தடுத்து வாடகைக்கு விடுவது போல. உள்ளே இருப்பவருக்கு அது தனி வீடு, ஆனால் வாசல் வீட்டுக்காரருடையது. சென்சார் கேபிள் வீட்டுக்காரரின் வாசலுக்கு வந்து, அங்கிருந்து உள் அறைக்குப் போக வேண்டும். உள்ளே அதை வரவேற்று அது பேசும் பாஷையைப் புரிந்துகொள்ளும் ஆள்தான் டிரைவர். டிரைவர் இல்லை என்றால் கேபிள் கத்தினாலும் யார் காதிலும் விழாது.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு சௌகரியம் உண்டு. எதையாவது மாற்றுவதற்கு முன் மெஷின் இருக்கும் நிலையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஸ்னாப்ஷாட் என்போம். மாற்றியது சொதப்பினால் ஒரு சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். நடுவில் நடந்தது எதுவும் நடக்காததாகிவிடும். பல வருடங்களாக இப்படியே வேலை பார்த்துப் பழகியவனுக்கு உலகத்திலும் எல்லாவற்றையும் அப்படித் திருப்பிவிடலாம் என்று ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. எனக்கு வந்திருந்தது.

அந்த உள் அறையில் இருந்த லினக்ஸ் ரொம்பப் பழசு. பாதுகாப்புக்கு ஆகாது, புதுசு போட்டே ஆக வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். அரை நாள் வேலை என்று நான் சொன்னேன். சும்மா இருந்திருக்கலாம். என்னை அங்கே எல்லோரும் 'கம்ப்யூட்டர் டாக்டர்' என்று கூப்பிடுவார்கள், அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். புது லினக்ஸ் அழகாக ஏறியது. சென்சார் கேபிளைச் செருகினேன். ஒரு கண்ணிமைப்பு நேரம் அது மெஷினுக்குள் தெரிந்தது, உடனே மறைந்தது. திரும்பச் செருகினேன். அதே கதை.

டிரைவர் சரியாக ஏறவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். டிரைவரின் மூல நிரலை எடுத்து நானே புதிதாகக் கட்டினேன். லினக்ஸின் இதயப் பகுதிக்கும் அதற்கும் பதிப்பு ஒத்துவரவில்லை என்றது. ஒத்துவர வைத்தேன். தயாரித்தவரின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரை ஏற்க மாட்டேன் என்றது. அந்தப் பூட்டையும் திறந்தேன். டிரைவர் ஏறி உட்கார்ந்தது, கேபிள் தெரிந்தது, மறைந்தது. வாசலில்தான் கோளாறோ என்று வீட்டுக்கார கம்ப்யூட்டரைக் குடைந்தேன். கேபிளை மாற்றினேன். புது லினக்ஸ் ஏறியதும் எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பழைய லினக்ஸுக்கே திரும்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இடம் போதவில்லை என்று காலையில்தான் அதன் ஸ்னாப்ஷாட்டை நானே அழித்திருந்தேன். அரை நாள் வேலைதானே என்ற தைரியம்.

மேனேஜர் ஒருநாளில் எத்தனை முறை மாடி ஏறி வந்தார் என்று தெரியாது. திட்டமாட்டார். கதவில் சாய்ந்து நின்று, "என்ன டாக்டர், நோயாளி பொழைப்பானா?" என்பார். பின்னால் இரண்டு பேர் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்கும்போது காது சூடாகும்.

கம்ப்ரசரை நிறுத்தினால் சரக்கு கெட்டுவிடும். அதனால் திரை சரியாகும்வரை ஓர் ஆள் வாயு அளக்கும் கைமீட்டரை எடுத்துக்கொண்டு கம்ப்ரசர் அறையைச் சுற்றிச் சுற்றி வரட்டும் என்று மேனேஜர் ஏற்பாடு செய்தார். அந்த ஆள் என் தங்கையின் கணவர்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தது நான்தான். முன்பு ஒரு லேத் பட்டறையில் இருந்தார். நிதானமான மனிதர். ஒரு போல்ட்டைத் திருகினால் அது இறுகியதைக் காதால் கேட்டுச் சொல்வார். என்னிடம் அவருக்கு ஒரு மரியாதை, கம்ப்யூட்டர் என்ன சொல்கிறதோ அதை நான் சொல்கிறேன் என்ற நம்பிக்கை. இரண்டு ஷிஃப்டும் அவரே சுற்றினார். தேநீர் குடிக்க மாடிக்கு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிவிட்டார்.

"ரொம்ப முடியலையா மாப்ள?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான். நீங்க அவசரப்படாம பாருங்க. கால்தானே நடக்குது, நடந்துட்டுப் போகட்டும்."

அடுத்து நான் செய்ததை அவருக்காகவும்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பொய் முழுதாகப் பொய்யாக இருந்தால் யாராலும் விழுங்க முடியாது.

டிரைவர் வேலை செய்யாதபோது நாங்கள் செய்யும் ஒரு சோதனை உண்டு. உண்மையான கேபிளுக்குப் பதில் ஒரு பொம்மைக் கேபிள். முன்பு என்றோ பதிவு செய்து வைத்த அளவுகளை ஒரு சின்ன நிரல் வரிசையாக ஊட்டிக்கொண்டிருக்கும். திரை மென்பொருளாவது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. என்னிடம் ஒரு சாதாரண நாளின் பதிவு இருந்தது. அதை ஊட்டினேன். திரை உயிர்பெற்றது. மூன்று, நான்கு, மூன்று. பச்சை எழுத்துகள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் கதவைத் திறந்தார்.

"அட, பொழைச்சுட்டானே" என்றார்.

இது சோதனை சார், இன்னும் சரியாகவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் என் தோளைத் தட்டினார். பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள். வாயை மூடிக்கொண்டேன். இரண்டு நாளில் நிஜ டிரைவரைச் சரிசெய்துவிடலாம், அதுவரை யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். மாப்பிள்ளை கைமீட்டரை அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார். அப்புறம் அந்த மீட்டரின் பேட்டரி செத்ததை யாரும் கவனிக்கவில்லை. திரைதான் இருக்கிறதே.

இரண்டு நாள் இரண்டு வாரமானது. யாரும் எதுவும் கேட்காத வேலையை யார் அவசரமாகச் செய்வார்கள்? நீங்கள்கூடச் செய்யமாட்டீர்கள். முதல் வாரம் மாடிப்படியில் காலடி கேட்டாலே கதவைத் திரும்பிப் பார்ப்பேன். பிறகு அதுவும் நின்றுவிட்டது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

ஒருநாள் மாப்பிள்ளை தேநீர் டம்ளரோடு திரை முன்னால் நின்று யோசித்தார்.

"மச்சான், தினமும் காலைல ஒரே நேரத்துல ஒரு சின்ன ஏத்தம் வருதே. பாத்தீங்களா?"

"நீங்க எண்ணெய் வடிக்கிற நேரமா இருக்கும் மாப்ள."

"நான் இப்பல்லாம் சாயங்காலம்தானே வடிக்கிறேன்."

"அப்ப கதவு திறக்கிறதால இருக்கும்."

"இருக்கும் இருக்கும்" என்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். கம்ப்ரசரில் சேரும் எண்ணெயை வடிக்கும்போது கொஞ்சம் வாயுவும் வெளியே வரும். பதிவு செய்த அந்த ஒரு நாளில் அவர் காலையில் எண்ணெய் வடித்திருந்தார். அதே நாள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். அன்று மதியம் நான் நிரலைத் திருத்தினேன். அந்த ஏற்றம் ஒருநாள் முன்னே, ஒருநாள் பின்னே வரும்படி செய்தேன். அளவுகள் லேசாக ஏறி இறங்கும்படி செய்தேன். சாயங்காலம் எண்ணெய் வடிக்கும் நேரத்தில் கொஞ்சம் கூடும்படியும் செய்தேன். நல்ல வேலைப்பாடு. மறுநாள் மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "இப்ப சரியா காட்டுது மச்சான்" என்றார். எனக்கு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது. மேடம், என்னைப் பற்றி நீங்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்றால் அந்தச் சந்தோஷத்தை வைத்து வாருங்கள்.

உண்மையான கோளாறை ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். தேடிக் கண்டுபிடித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. டிரைவரில் கோளாறே இல்லை. முதல் நாளிலிருந்து அது ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. புது லினக்ஸில், பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் கருவிக்காக ஒரு நிரல் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கருவிக்கும் எங்கள் சென்சார் கேபிளுக்கும் உள்ளே ஒரே மாதிரியான சில்லு. கேபிளைப் பார்த்ததும் அந்த நிரல், 'ஆகா, நம்முடையது' என்று பிடுங்கிக்கொண்டுவிடுகிறது. டிரைவர் பாவம், கையை விரித்துவிடுகிறது. அந்த நிரலை எடுத்துவிட ஒரே ஒரு வரி போதும். எழுதினேன். கேபிள் தெரிந்தது. மறையவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, இத்தனை நாளும் டிரைவரைப் பழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மனசு லேசாகிவிட்டது. மெஷின் அடுத்த முறை எழுந்தால் பொம்மை இல்லாமல் நிஜக் கேபிளோடு எழும்படி அமைத்து, அந்த நிலையை ஒரு ஸ்னாப்ஷாட்டாகப் பிடித்து 'நல்லது' என்று பெயரும் வைத்தேன். பொம்மைக் கேபிளைப் பிடுங்கிவிட்டு நிஜத்தைத் திரையில் விடுவதற்கு முன் ஒரு தனிச் சன்னலில் நிஜ அளவைப் பார்த்தேன்.

பதினொன்று.

திரையில் நான்கு இருந்தது. நிஜத்தில் பதினொன்று. ஏதோ ஒரு வால்வின் கழுத்தில் சின்னக் கசிவு ஆரம்பித்திருக்கிறது. ஆபத்தான அளவு இல்லை, சைரன் எல்லைக்குப் பாதிகூட இல்லை. ஆனால் நான் அந்தக் கணமே மாற்றினால் திரையில் கோடு செங்குத்தாகத் துள்ளும். இது எப்போதிலிருந்து என்று மேனேஜர் கேட்பார். பழைய அளவுகளை எடுத்துப் பார்ப்பார்கள். குட்டு உடைந்துவிடும். வேலை போவது இருக்கட்டும், கைதட்டியவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்? மாப்பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பேன்?

அதனால் ஒரு வழி செய்தேன். நியாயமான வழி என்றுதான் அப்போது பட்டது. பொம்மை அளவையும் நிஜ அளவையும் கலந்தேன். முதலில் பொம்மை ஒன்பது பங்கு, நிஜம் ஒரு பங்கு. சில நாள் கழித்து எட்டுக்கு இரண்டு. இப்படியே போனால் யாரும் திடுக்கிடாமல், கோடு எங்கும் துள்ளாமல், திரை தானாக உண்மைக்கு வந்து சேர்ந்துவிடும். கசிவும் மெல்லத் தெரியவரும், மாப்பிள்ளை போய் இறுக்கிவிடுவார். யாருக்கும் நஷ்டமில்லை. புலி வாலைப் பிடித்தவன் புலிக்குத் தெரியாமல் விரல் விரலாக விடுவது போலத்தான்.

நிஜ அளவு மட்டும் எனக்காகக் காத்திருக்கவில்லை. பதினொன்று பதினைந்தானது, பிறகு இருபது. எனக்குத் தெரிந்தது. தனிச் சன்னலை மூடாமல் ஓர் ஓரத்தில் வைத்திருந்தேன், தினமும் பார்த்தேன். நிஜம் ஏற ஏறக் கலப்பதை இன்னும் மெதுவாக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் கோடு துள்ளிவிடும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அந்த நாளுக்கு வருகிறேன்.

மாப்பிள்ளைக்கு ஒரு வாரமாகச் சளி. காலை பத்து மணி இருக்கும். மேனேஜர் வெளியே போயிருந்தார். கீழிருந்து மாப்பிள்ளை கைபேசியில் கூப்பிட்டார்.

"மச்சான், கம்ப்ரசர் ரூம் வாசல்ல நிக்கிறேன். நெடி அடிக்கிற மாதிரி இருக்கு. கண்ணு லேசா எரியுது. மூக்கு வேற அடைச்சிருக்கு, ஒண்ணும் புரிபடல. ஸ்கிரீன்ல எவ்ளோ காட்டுது?"

பார்த்தேன். "இருபத்திரெண்டு மாப்ள."

"இருபத்திரெண்டா? வழக்கத்தைவிடக் கூடதான். ஆனா இருபத்தஞ்சுக்குக் கீழதானே?"

"கீழதான்."

"அப்ப மாஸ்க், ஆளுன்னு அலைய வேண்டாம். ரெண்டாவது வால்வு கழுத்துதான், எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. போய் ஒரு திருகு திருகிட்டு வந்துடறேன்."

"சரி மாப்ள."

"சாயங்காலம் வீட்டுப் பக்கம் வாங்க மச்சான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஓரத்துச் சன்னலில் அப்போது அறுபது என்று இருந்தது.

இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. அறுபது என்று தெரியும். இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவர் கேட்டது திரையில் எவ்வளவு என்று, நான் திரையில் இருந்ததைப் படித்தேன். அறுபது என்று சொன்னால், அப்படியானால் ஏன் சைரன் ஒலிக்கவில்லை மச்சான் என்று கேட்பார். நிதானமான மனிதர், கட்டாயம் கேட்பார். இன்னும் கொஞ்ச நாளில் கலவை முழுவதும் நிஜமாகிவிடும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைய வேண்டுமா என்று நினைத்தேன். ஒரு திருகு, முடிந்துவிடும், அறுபது தானாக இறங்கிவிடும் என்று நினைத்தேன்.

அவர் திருகியபோது வால்வின் கழுத்து பிய்த்துக்கொண்டது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அது எண்ணாகத்தான் தெரிந்தது. அறுபது இருநூறானது. பிறகு சென்சாரால் காட்ட முடிந்த உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது. திரையிலும் எண் ஏற ஆரம்பித்தது. கலவையில் ஒரு வரம்பு வைத்திருந்தேன், கோடு சட்டென்று எகிறக் கூடாது என்று. அதனால் அது மெதுவாக ஏறியது. சைரன் ஒலிக்கவில்லை.

என் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. நீங்களும் பார்த்தீர்கள், அதன் கண்ணாடி மூடியைத் தட்டிக்கூடப் பார்த்தீர்கள். அழுத்தினால் அந்தக் கணமே சைரன். நாற்காலியிலிருந்து எழுந்து கை நீட்டினால் எட்டும். நான் எழவில்லை. சைரன் ஒலித்தால் ஆட்கள் மாடிக்கு ஓடிவந்து திரையைப் பார்ப்பார்கள். முதலில் திரை சரியாக வேண்டும். நான் விர்ச்சுவல் மெஷினை அணைத்தேன். 'நல்லது' என்ற ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்துத் திரும்பு என்றேன். 'இதன் பிறகு நடந்தவை அழிந்துவிடும், சம்மதமா' என்று கேட்டது. சம்மதம் என்றேன். மெஷின் மறுபடி எழுந்து, சேவைகளை ஒவ்வொன்றாகத் தொடங்கி, டிரைவரை ஏற்றி, கேபிளைப் பிடித்து, முதல் அளவைப் படிக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கைகால் ஓடவில்லை என்று விசாரணையில் சொன்னேன். கை நன்றாகவே ஓடியது.

முதல் நிஜ அளவு வந்ததும் சைரன் ஒலித்தது. ஆட்கள் மாஸ்க்கோடு ஓடினார்கள். கீழே போய் அவரைத் தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன். அவர் கால் பக்கத்தைப் பிடித்திருந்தேன். இன்னும் கொஞ்சம் முன்னால் வெளியே எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரி டாக்டர் என் தங்கையிடம் சொன்னார். நான் அவள் பக்கத்தில், அவள் கையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

நீங்கள் வந்தீர்கள். மெஷின் பழுதாகி நான் பழைய காப்பு நிலைக்குத் திருப்பினேன், அதனால் முந்தைய அளவுகள் இல்லை என்றேன். அதில் ஒரு பாதி நிஜம். சைரன் ஒலித்ததைப் பத்து பேர் கேட்டிருந்தார்கள். ஆகவே கருவிகள் சரி, மாஸ்க் இல்லாமல், துணை இல்லாமல், திரையைப் பார்க்காமல் போனது இறந்தவரின் கவனக்குறைவு என்று முடிவு செய்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

ஒன்று மட்டும் கேட்டீர்கள். அவருடைய கைபேசியிலிருந்து கடைசியாக எனக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறதே, என்ன பேசினார் என்று. என் தங்கை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு. அவர் இறந்த வாரம்தான் அவளுக்குப் பல்வலி தொடங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் வாயில் வந்ததைச் சொன்னேன். "தங்கச்சிக்குப் பல்வலி, எந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம்னு கேட்டாரு மேடம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அந்த ஒரு பல் போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இரண்டு பேச்சுதான். ஒன்று கோபம். "மாஸ்க் போடாம போகாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் அண்ணா. கேட்டாரா? அலட்சியம். எங்களை நெனச்சுப் பாத்தாரா அந்த மனுஷன்?" நான் தலையாட்டுவேன். ஆமாம் என்று சொன்னதில்லை, தலையாட்டியிருக்கிறேன். இன்னொன்று அந்தப் பல். பிடுங்கிவிடு என்று நான் சொன்னபோது அவள் கன்னத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "கடைசியா இதைப் பத்திதானே பேசியிருக்காரு. சாகப்போற நேரத்துல என் வலிதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கு. இதை எப்படிண்ணா பிடுங்கிப் போடறது? வலிச்சா வலிச்சுட்டுப் போகட்டும்."

அன்று நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்ததும் தேநீர் கொடுத்தாள். நல்ல சூடு. ஒரு பக்கமாகச் சிரித்தாள், மறுபக்கம் வீக்கம்.

சீழ் தாடைக்கு இறங்கிவிட்டது என்று நேற்று பல் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இனியும் விட்டால் ரத்தத்தில் கலந்துவிடும், உயிருக்கே ஆபத்து என்றார். எப்படியாவது சம்மதிக்க வையுங்கள் என்றார். அவளை யார் சம்மதிக்க வைக்க முடியும்? அந்தப் பல்லைப் பற்றி அவர் பேசவே இல்லை என்று தெரிந்தால்தான் அவள் வாயைத் திறப்பாள். அவர் கேட்டது ஓர் எண்ணை என்று தெரிய வேண்டும். அவர் அலட்சியமான மனிதர் இல்லை, கேட்டுவிட்டுத்தான் போனார் என்று தெரிய வேண்டும். கேட்டவருக்கு அண்ணன் என்ன பதில் சொன்னான் என்பதும் அதோடு சேர்ந்து வந்துவிடும், வேறு வழியில்லை. அவரைக் கொன்றது வால்வு இல்லை, வாயுவும் இல்லை. நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

திரை இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது. டிரைவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு என்ன தண்டனை என்றாலும் சரி, அதை நான் கேட்கப்போவதில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். என் தங்கையிடம் இதை என்னால் சொல்ல முடியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டு உடைத்துவிடாதீர்கள் மேடம், தாங்கமாட்டாள். முதலில் பல்லைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். ஒரு வாரம் போகட்டும். அப்புறம் திரையைப் பற்றி. அவள் திடுக்கிட்டுவிடாதபடி, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள்.